தண்டனையின் கடைசி வருடத்தை டெல்டாவிலேயே கழிக்க விட்டால் என்ன?

குமாஸ்தா_கும்பகோணம்:
வக்கீல் ஆபீசில் அப்பீல் கட்டுகளோடு புழங்குகிறவன் நான். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே போடுகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நம் பக்கத்தில் எவனுக்குப் பெரிய தண்டனை விழுந்தாலும் பெரும்பாலும் திருச்சி மத்திய சிறைதான், பெண் என்றால் அங்கேயே இருக்கும் பெண்கள் தனிச் சிறை. கொலை வழக்கில் ஆயுள் என்றால் சுலபத்தில் வெளியே வர முடியாது. அத்தனை வருடமும் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது எல்லாம் அடுத்தவர் சொல்லித்தான். அப்புறம் ஒருநாள் உத்தரவு வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசலில் விட்டுவிடுவார்கள். நேற்றுவரை பூட்டு, இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு. நடுவில் எதுவுமே இல்லை.

கடைசி ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ பகலில் வெளியே வேலைக்குப் போய், இரவு திரும்பி வந்து படுக்கிற மாதிரி ஒரு பாதிச் சிறை இருந்தால் என்ன? திறந்தவெளிச் சிறை நமக்குப் புதிது இல்லை. கோவை சிங்காநல்லூர், சேலம், காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பு என்று இருக்கின்றன. ஆனால் அங்கே போகிறவன் பண்ணைக்குள்ளேயே விவசாயம் பார்க்கிறான், அதுவும் நம் ஆளுக்குச் சம்பந்தமே இல்லாத ஊரில். ராஜஸ்தானில் சாங்கனேர் என்று ஜெய்ப்பூரை ஒட்டி ஒன்று 1960களிலிருந்து நடக்கிறது. கைதி பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருக்கிறான், வெளியே போய் அவனே வேலை தேடிச் சம்பாதித்துச் சாப்பிடுகிறான், வருகைப் பதிவுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அரசாங்கம் சோறு போடுவது கிடையாது. கொலைத் தண்டனைக் கைதிகளும் அதில் உண்டு. நமக்கு அப்படி ஒன்று ஏன் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்கக் கூடாது? கிளைச் சிறைகள் இருக்கிற ஊர்கள்தானே.

டெல்டா_சிங்கம்:
கொலை பண்ணினவனுக்கு வரிப்பணத்தில் சோறும் போட்டு, கடைசியில் வேலையும் தேடிக் கொடுக்கணுமா? எங்க தெருவில் இன்ஜினியரிங் முடித்தவன் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறான். அவனுக்கு முதலில் வழி பண்ணுங்க.

குமாஸ்தா_கும்பகோணம்:
சிங்கம், நான் எழுதினதில் சோறு போடுவது கிடையாது என்று இருக்கிறது, அதைப் படித்தீர்களா? அவன் எப்படியும் ஒருநாள் நம் தெருவுக்குத்தான் வரப்போகிறான். எப்படிப்பட்ட ஆளாக வருவான் என்பதுதான் பேச்சு.

பழைய_காக்கி:
தம்பி, எழுதினது நன்றாக இருக்கிறது. ஆனால் சிறைத்துறையில் முடி நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கிளைச் சிறையை மட்டும் கையில் எடுக்காதே. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். தினமும் வெளியே போய் வருகிற ஒருத்தனை அவர்களோடு ஒரே கூரையில் படுக்கவைத்தால் முதல் வாரமே அவன் கழுத்தில் துண்டு விழும். பீடி கொண்டு வா, கஞ்சா கொண்டு வா, சிம் கார்டு கொண்டு வா, இல்லை என்றால் உன் வீடு எங்கே இருக்கு என்று எங்களுக்குத் தெரியும். அவன் நல்லவனாகவே இருந்தாலும் மாட்டுவான், மாட்டினால் போனது அவன் கடைசி வருடம் மட்டும் இல்லை, முன்விடுதலையும்தான். அதனால் தனிக் கட்டடம் வேண்டும். பழைய விடுதியோ, பூட்டிக் கிடக்கிற சத்திரமோ, எதுவானாலும் சிறைச் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும்.

இன்னொன்று. யாரை அனுப்புவது என்று யார் முடிவு பண்ணுவது? உள்ளே வாய் திறக்காமல் இருப்பவனை நல்லவன் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து ரொம்ப அமைதியாக இருந்தவர்களில் சிலர்தான் பரோலில் போய்த் திரும்பாதவர்கள், வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருந்தவன் சொன்ன தேதிக்கு முதல் நாளே வாசலில் வந்து நிற்பான். நடத்தை ஏட்டை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவீர்கள். சின்ன விடுப்பாகக் கொடுத்து, திரும்புகிறானா என்று பார்த்து, அப்புறம் பெரிசாகக் கொடுக்க வேண்டும்.

மன்னை_டு_சியாட்டில்:
சொந்த ஊர் மன்னார்குடி, இருப்பது வாஷிங்டன் மாநிலம் (வெள்ளை மாளிகை இருக்கும் ஊர் இல்லை, இது மேற்குக் கரை). இங்கே நீங்கள் சொல்வது சட்டமாகவே இருக்கிறது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு வழி. ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கும் விடுதி, பகலில் வேலை, ராத்திரி அங்கே படுக்கை. இன்னொன்று நேராக வீட்டுக்கே அனுப்பிக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டுவது. இந்த இரண்டாவதை 2021இல் சட்டம் திருத்திப் பெரிசாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தண்டனையின் கடைசி ஐந்து மாதம் வரை, இன்னொரு பிரிவுக்குக் கடைசி 18 மாதம் வரை. அந்தப் பதினெட்டு மாதம் வன்முறைக் குற்றத்துக்கும் பாலியல் குற்றத்துக்கும் கிடையாது. வெளியே வந்தவன் வேலையோ படிப்போ சிகிச்சையோ ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும், அவனுக்கென்று ஒரு அலுவலர் இருப்பார்.

இதில் நான் பார்த்த ஓட்டை என்னவென்றால் வீடு. போய்த் தங்க ஒரு முகவரி இருந்தால்தான் அனுப்புவார்கள். வீடு வாசல் உள்ளவனுக்கு எளிது, யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். யாருக்கு இந்தப் படி ரொம்பத் தேவையோ அவனுக்குத்தான் கிடைப்பதில்லை. நம் ஊரில் இதைச் செய்தால் விடுதியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், வீட்டை அப்புறம் பார்க்கலாம்.

அப்புறம், திருப்பி உள்ளே தள்ளுவது. பஸ் லேட்டானதற்கும் கருவியில் சார்ஜ் தீர்ந்ததற்கும் ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் என்ன ஆகும்? பரோலை ரத்து பண்ணுவதற்கு முன்னால் அவனிடம் காரணத்தைச் சொல்லி, அவன் தரப்பைக் கேட்டு, நடுநிலையான ஒருவர் முன்னால் விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972லேயே மோரிசி வழக்கில் சொல்லிவிட்டது. விடுவதற்கு விதி எழுதுகிற அன்றைக்கே திருப்பி அழைப்பதற்கும் விதி எழுதிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை_வக்கீல்:
நல்ல இழை. சட்டத்தில் எங்கே நிற்கிறோம் என்று கொஞ்சம் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் நாம் பரோல் என்று சொல்வது 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் விடுப்பு. சாவு, கல்யாணம், கடும் நோய் என்றால் அவசர விடுப்பு. மூன்று வருடம் உள்ளே கழித்தவனுக்குச் சாதாரண விடுப்பு. சாதாரண விடுப்புக்கான காரணங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: குடும்பப் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஏற்பாடு செய்வது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுது பார்ப்பது, பங்காளித் தகராறைத் தீர்ப்பது, விதைப்பு அறுவடை மாதிரி விவசாய வேலை. எழுதினவர் கிராமம் தெரிந்தவர். நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும், போலீஸ் தரப்பிலும் கேட்பார்கள். அங்கேதான் நிற்கும்.

இப்போது குமாஸ்தா தம்பி கவனிக்க வேண்டியது ஒன்று. கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவன் பதினான்கு வருடம் உண்மையாகவே சிறையில் கழித்திருக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் வந்த 433-ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475. பரோலில் வெளியே இருந்த நாட்களை அந்தப் பதினான்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல், கோவாவிலிருந்து போன வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் கேட்கும் பாதிச் சிறையை 'விடுப்பு' என்று பேர் வைத்து ஓர் அரசாணையில் கொண்டுவந்தால் அந்த ஒரு வருடம் கணக்கில் வருமா என்றே சண்டை வரும். எந்தக் கைதியும் அதைக் கையால் தொடமாட்டான். இரவு தங்குமிடம் சட்டப்படி சிறைதான், அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் தண்டனை நாள்தான் என்று விதியிலேயே எழுத வேண்டும். திறந்தவெளிச் சிறைக்கு இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணமே அது சிறை என்பதுதான்.

மத்திய அரசு 2023இல் ஒரு மாதிரிச் சிறைச் சட்டம் எழுதி அனுப்பியது, 1894ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக. திறந்தவெளி, பாதித் திறந்தவெளிச் சிறைகள், விடுப்பில் போகிறவன் சம்மதித்தால் கண்காணிப்புக் கருவி எல்லாம் அதில் உண்டு. ஆனால் சிறை என்பது மாநில அரசின் அதிகாரத்தில் வருவது, அதனால் அது வெறும் மாதிரிதான். கருவி விஷயத்தில் ஜாக்கிரதை. ஜாமீனில் இருப்பவனைப் போலீஸ் எந்நேரமும் பின்தொடரும்படி நிபந்தனை போடுவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனைக் கைதிக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனாலும் வழக்கு வரும்.

கோரையாறு:
எல்லாரும் அவனைப் பற்றியே பேசுகிறீர்கள். சரி. நான் இன்னொரு வீட்டிலிருந்து எழுதுகிறேன். வாய்க்கால் தகராறில் என் அண்ணனை வெட்டினவர்களில் ஒருத்தன் ஆயுள் கைதி. அவன் பரோலில் வந்திருக்கிறான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான். அதற்கப்புறம் ரொம்ப நாள் அம்மா கடைப்பக்கம் போகவில்லை. அவனோடு போலீஸ்காரர் வந்தாரா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, ஒரு போன் பண்ணியிருக்கலாம். அவனுக்கு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சம்பாதித்துச் சாப்பிடட்டும். ஆனால் எங்கள் ஊரிலேயே வந்து எங்கள் கண்முன்னாலேயே சம்பாதிக்க வேண்டுமா? ஒரே தாலுகாவில் வைத்தால் யாருடைய சௌகரியத்துக்கு?

குமாஸ்தா_கும்பகோணம்:
அக்கா, நியாயம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

வெண்ணாற்றங்கரை_வக்கீல்:
அம்மா சொல்வதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் 15-ஏ பிரிவு வந்தது. அந்தச் சட்டத்தின்படி நடக்கும் வழக்கில் ஜாமீன், விடுதலை, பரோல் பற்றிய நடவடிக்கை எதிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ பேச உரிமை உண்டு, நீதிமன்ற நடவடிக்கை பற்றி உரிய நேரத்தில் தகவலும் தர வேண்டும். மற்ற வழக்குகளில் பரோல் என்பது நிர்வாக முடிவு, கோப்பு மேசைக்கு மேசை போகும், இறந்தவன் வீட்டுக்கு ஒரு வரி போகாது. 15-ஏ மாதிரி ஒரு தகவல் உரிமையை இந்தப் பாதிச் சிறை விதியில் எல்லா வழக்குக்கும் எழுதலாம். 'பேச உரிமை' என்பது 'தடுக்க உரிமை' ஆகிவிடக் கூடாது, அதிலும் நான் உறுதி. பழைய பகையில் எதிர்த்தரப்பு எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

கோரையாறு:
தடுக்கக் கேட்கவில்லை சார். எந்த ஊரில் வைக்கிறீர்கள், எப்போது வருகிறான் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவன் எங்கள் ஊராட்சிக்குள் வரக் கூடாது. இதுதான் நான் கேட்பது.

பழைய_காக்கி:
அம்மா கேட்பது செய்யக்கூடியதுதான். பரோலிலேயே இந்த எல்லைக்குள் போகாதே என்று நிபந்தனை போட்டு அனுப்பியிருக்கிறோம். சொந்த ஊரில்தான் வைக்க வேண்டும் என்று இல்லை, பக்கத்து மாவட்டமும் போதும். வலங்கைமான்காரனை மயிலாடுதுறையில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், எதிர்த்தரப்பு கண்ணிலும் படமாட்டான்.

வலங்கைமான்_அக்கா:
காக்கி சார் எங்க ஊர்ப் பேரைச் சொன்னதால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், எதற்காக என்பது வேண்டாம். மனு போட்டுப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி, பிள்ளைகளை லீவு போடவைக்க வேண்டும். அதனால் போவதே குறைந்துபோச்சு. பிள்ளைக்கு அப்பா குரல் போனில்தான் தெரியும். வக்கீல் சார் அறுவடைக்கு விடுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சம்பா அறுவடைக்கு என்று போட்ட மனுவுக்கு உத்தரவு வந்தபோது மெஷின் வந்து அறுத்து, நெல் டிபிசிக்கு (அரசுக் கொள்முதல் நிலையம்) போய், பணமும் வந்து, கடனுக்குப் பிடித்தும் முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு என்று அவரே வரவில்லை.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் அவர் பேரை எடுத்துவிட்டார்கள். பேங்க் கணக்கு செத்துப்போய்க் கிடக்கிறது. அவர் பழைய போன் நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது, ஆதாரில் அந்த நம்பர்தான் இருக்கிறது, ஓடிபி எங்கே போகும்? நாளைக்கு வெளியே வந்தால் மொதல் ஆறு மாதம் அவர் தாலுகா ஆபீஸில்தான் குடியிருக்க வேண்டும். இந்த வேலையை எல்லாம் உள்ளே இருக்கும்போதே முடித்துக் கொடுத்தாலே பாதிப் புண்ணியம்.

களத்துமேடு:
நான் அரிசி மில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு. வேலை கொடுப்பீர்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கொடுப்பேன், ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்தேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். தண்ணீர் குடிக்கப் போவதற்கும் கேட்பார், வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தாலும் யாராவது திறக்கட்டும் என்று நிற்பார். சொல்லிச் சொல்லித்தான் மாறினார். பிரச்சினை வந்தது வெளியிலிருந்து. எங்கேயாவது திருட்டு நடந்தால் மில் வாசலில் ஜீப். மற்ற ஆட்கள் பயந்து நின்றுவிட்டார்கள், ஒரு கட்டத்தில் அவரே நான் போய்விடுகிறேன் முதலாளி என்று கிளம்பிவிட்டார். பாதிச் சிறையில் இருக்கிறவன் ராத்திரி எங்கே இருந்தான் என்பதற்கு அரசாங்கமே சாட்சி, அதனால் வேலை கொடுக்கிறவனுக்கு உண்மையிலேயே இது நல்லது. இதை யாரும் கவனிக்கவில்லை போல.

ஆனால் விவசாய வேலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறது, அறுவடைக்கு மெஷின். தை மாசியில் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டும், பங்குனியோடு அது முடிந்தது. அப்புறம் மேட்டூர் திறக்கும்வரை வயல் காய்கிறது. ஜூன் 12இல் திறந்தால் பரவாயில்லை, 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், குறுவையே பாதிப் பேருக்குப் போச்சு. அந்த மாதங்களில் விடுதியில் உட்காரவைத்தால் அதுவும் ஒரு ஜெயில்தான். மில், லாரி பட்டறை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, தறி, ஹோட்டல் என்று வருடம் முழுக்க ஓடுகிற இடமாகப் பாருங்கள். உள்ளே தறியும் தையலும் பேக்கரியும் கற்றுக்கொடுக்கிறார்கள்தானே. திருச்சியில் கைதிகளை வைத்தே பெட்ரோல் பங்க் ஓடுகிறது. நான் போட்டிருக்கிறேன், அளவில் சுத்தம்.

டெல்டா_சிங்கம்:
கூலி எவ்வளவு கொடுப்பீங்க முதலாளி? கைதி என்று பாதிக் கூலிக்கு வேலை வாங்கினால் மற்ற ஆள் எங்கே போவான்? நான் முதலில் கேட்டதும் இதுதான்.

களத்துமேடு:
நியாயமான கேள்வி, முதல் தடவையாக. மற்றவனுக்கு என்னவோ அதே. குறைத்துக் கொடுத்தால் என் ஆட்களே என்னை விடமாட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை_வக்கீல்:
கைதிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், சோறு துணிச் செலவைப் பிடித்துக்கொள்ளலாம், ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளி வேலையில் வெளிக் கூலி கிடைத்தால் அந்தப் பங்கும் பெரிசாகும். சிங்கம் கேட்டதை விதியிலேயே போட வேண்டும்: ஊர்க் கூலிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்த முதலாளிக்கு ஆள் கிடையாது. இல்லாவிட்டால் பண்ணையாள் காலம் வேறு பேரில் திரும்பி வரும். இந்த மண்ணில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குமாஸ்தா_கும்பகோணம்:
யோசித்துவிட்டு வந்தேன். நான் முதலில் கேட்டது இடம் மட்டும்தான். இப்போது பார்த்தால் இடம் கிடைத்தாலும் மற்றது இல்லாமல் அது ஒரு வருடத்தில் மூடிவிடும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன், அவர்களுடைய வக்கீல்கள் ஜெயிலுக்குப் போய் வருகிறார்கள், கோப்பு கொஞ்சம் நகரும். தனிக் கட்டடம், இரவு நாட்கள் தண்டனையில் சேர வேண்டும், சொந்த மாவட்டம் அல்லது பக்கத்து மாவட்டம், ஆனால் சம்பவம் நடந்த ஊராட்சிக்குள் கூடாது, திருப்பி உள்ளே அனுப்புமுன் விசாரணை, ஊர்க் கூலி, வருவதற்கு முன்பே ரேஷன், ஆதார், பேங்க். காக்கி சார் சொன்ன மாதிரி சின்ன விடுப்பில் தொடங்கிப் படிப்படியாக.

மன்னை_டு_சியாட்டில்:
வீடு இல்லாதவனுக்கு முதலிடம் என்பதையும் சேர். விட்டுவிட்டாய்.

பழைய_காக்கி:
கண்காணிக்க ஆள் யார்? நன்னடத்தை அலுவலருக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல். புதுப் பணியிடம் கேட்காமல் மனு போட்டால், ஏற்கெனவே இருக்கிறவர் தலையில்தான் இதையும் கட்டுவார்கள், அவர் வாரம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். முதலில் அதை எழுது தம்பி.

கோரையாறு:
எதிர்த்தரப்பு வீட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் என்பதை மனுவில் காணோம். ஊராட்சிக்குள் கூடாது என்பது மட்டும் போதாது. அதைத் தனிப் பத்தியாகப் போட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். இல்லை என்றால் என் பேரைச் சேர்க்காதீர்கள்.

குமாஸ்தா_கும்பகோணம்:
முதல் பத்தியாகவே போடுகிறேன் அக்கா. வக்கீல் சார், வரும் ஞாயிறு ஆபீசில் இருப்பீர்களா, நகல் கொண்டு வரவா?

வெண்ணாற்றங்கரை_வக்கீல்:
சாயங்காலம் வா. 1982 விதிப் புத்தகத்தையும் எடுத்து வா, என்னுடையதை யாரோ ஜூனியர் கொண்டுபோய்விட்டான்.